துரை ஓய்வு பெற்ற நாள்

வெள்ளைக்காரத் துரைமார் எல்லாம் கப்பலேறிப் போய் ஒன்பது வருஷம் ஆகியும், செங்கற்பட்டில் ஒரே ஒரு துரை மட்டும் மிச்சமிருந்தார். அவருக்கு நான்கு கால்கள். மதியம் தயிர்சாதம் சாப்பிடுவார். கணக்கு வாத்தியார் பட்டாபிராமனின் கொல்லைப்புறத்தில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் குடியிருந்தார்.

சென்ற வாரம் ரயில்வே கேட்டில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டவர்கள் இருக்கலாம். கேட் மூடியிருந்தது. துரை நிற்கவில்லை. அவர் கழுத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பிடித்தபடி வந்த பட்டாபிராமனும் நிற்கவில்லை. பட்டாபிராமனுக்குப் பார்வை போய் ஒன்பது வருஷமாகிறது. துரை நின்றால் நிற்பார், துரை நடந்தால் நடப்பார். கேட்காரன் பாய்ந்து வந்து வேட்டியைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தத் தொடரில் ஒரு பாத்திரம் குறைந்திருக்கும்.

பாதி வேட்டியோடு நின்ற பட்டாபிராமன் கேட்காரனிடம் சொன்னது இவ்வளவுதான்: "துரைக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லே."

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்தார். வயிற்றில் கட்டி. வலி பொறுக்க முடியாமல்தான் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இதற்கு மருந்து கிடையாது, ஊசி உண்டு என்றார். எந்த ஊசி என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பட்டாபிராமன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மாமல்லபுரத்துல வெச்சுத்தான்."

அதற்குக் காரணம் இருந்தது. துரையின் பிறப்புப் பெயர் ரெக்ஸ். சீமையில், கண் தெரியாதவர்களை நடத்திச் செல்வதற்கென்றே பழக்கப்படுத்தப்பட்டவர். மாமல்லபுரத்துக் கடற்கரையில் பங்களா கட்டிக்கொண்டு இருந்த ஹார்வி என்ற எஞ்சினீயர், பார்வை இழந்த தன் மனைவிக்காகக் கப்பலில் வரவழைத்தார். அந்த அம்மாள் ஒரு மழைக்காலத்தில் இறந்துபோய், பங்களாவை ஒட்டிய சவுக்குத் தோப்பிலேயே அடக்கமானாள். ஹார்விக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்த பட்டாபிராமனுக்கும் அதே வருஷம் கண் முழுக்க இருண்டது. ஊருக்குக் கிளம்பிய ஹார்வி, நாயையும் தோல்வாரையும் கொடுத்துவிட்டு, காலம் வரும்போது இதை அவள் காலடியில் படுக்க வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பட்டாபிராமன் சரி என்றார். கணக்கு வாத்தியார்கள் வாக்குத் தவறினால் விடை தப்பாகிவிடும் என்று நினைப்பவர்கள்.

ரெக்ஸ் என்ற பெயர் தெருவில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. துரை வீட்டு நாய், துரை நாயாகி, சீக்கிரமே வெறும் துரையாகிவிட்டது.

துரைக்குத் தமிழ் தெரியாது. 'ஃபார்வர்ட்', 'லெஃப்ட்', 'ரைட்', 'ஸ்டாப்', 'சிட்' இவை தெரியும். ஜில்லாவிலேயே, சொன்ன இங்கிலீஷை ஒழுங்காகப் புரிந்துகொள்ளும் ஒரே ஜீவன் இதுதான் என்று ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஒருமுறை மனம் நொந்து சொன்னார்.

பட்டாபிராமனின் மனைவி பாலாம்பாளுக்கு மடி ஆசாரம் அதிகம். ஒன்பது வருஷத்தில் அவள் துரையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இலையில் சாதத்தை வைத்து, ஒரு மூங்கில் கழியால் அவர் முன்னால் தள்ளிவிடுவாள். காலையில் ஒரு குளியல். பகலில் கணவர் தூங்கும்போது இன்னொரு குளியல். அந்த இரண்டாவது குளியலைப் பற்றித் தெருவில் மற்ற மாமிகளுக்குப் பொறாமைகூட உண்டு.

அவர்களுடைய ஒரே பிள்ளை ராஜாராம், கோர்ட்டில் குமாஸ்தா. அவனுக்குப் பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. இந்தச் செய்தியை அறிந்தவர்கள் இருவர். ஒருவன் ராஜாராம். மற்றவர் துரை. கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ராஜாராம் அவரிடம்தான் யோசனை கேட்டான். "நீ இருக்கே, அப்பாவைப் பாத்துப்பே. நான் போனா என்ன?" என்று கேட்டபோது துரை மறுப்புச் சொல்லவில்லை. அந்த தைரியத்தில் அவன் சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டான்.

அந்த வாரமே துரை ரயில்வே கேட்டில் நிற்கவில்லை.

---

காலையில் வாசலில் லாரி வந்து நின்றது. சவுக்குக் கட்டை ஏற்றக் காலியாகக் கடற்கரைக்குப் போகிற லாரி. ஓட்டி வந்தவன் தனகோடி. அவனை ஏற்பாடு செய்தவன் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஏசுதாஸ். தனகோடிக்கு இவன் மச்சான். டாக்டர் கொடுத்த ஊசி மருந்து ஏசுதாஸின் காக்கிப் பையில் இருந்தது. அவன் அந்தப் பையைக் கையில் பிடிக்காமல் தோளில் மாட்டி முதுகுப் பக்கம் தள்ளியிருந்தான்.

"இன்னா சார், ரெடியா?"

"துரை ரெடி. நான்தான் ரெடியில்லே," என்றார் பட்டாபிராமன்.

துரை வாரைப் போட்டுக்கொண்டு நின்றார். பின்னங்கால்கள் நடுங்கின. லாரியின் உயரத்தைப் பார்த்தார். பிறகு பட்டாபிராமனைப் பார்த்தார்.

யார் தூக்குவது என்பது கேள்வி. தெருவில் எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. துரைக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று எல்லோரும் மனப்பூர்வமாக விரும்பினார்கள். விரும்பியபடி அவரவர் வாசலிலேயே நின்றார்கள்.

"ஏம்ப்பா, நீ முன்னால புடி. நானு பின்னால புடிக்கிறேன்," என்றான் ஏசுதாஸ் ராஜாராமிடம். "வலிக்கும் அதுக்கு. வயித்துல கை வெக்காதே."

ராஜாராம் பிடித்தான். இவ்வளவு பெரிய நாய் இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"எம்மாம் மெத்துனு கீது பாரு இந்த வாரு," என்றான் தனகோடி, தோலைத் தடவிக்கொண்டே. "புதுசா?"

"பழசுதான். அப்பா பாத்துக்கறார்," என்றான் ராஜாராம்.

"நான் எங்கே பாத்துக்கறேன்? ஏசுதாஸ் எண்ணெய் போடறான்," என்றார் பட்டாபிராமன்.

ஏசுதாஸ் வாயைத் திறந்தான். அதற்குள் பாலாம்பாள் மடிசாரோடு வெளியே வந்தாள். கையில் பித்தளைத் தூக்கு.

"நீ எங்கேம்மா?"

"நானும்தான் வரேன்."

"நீ எதுக்கு?"

"தயிர்சாதம் பெசைஞ்சிருக்கேன். அதுக்குப் பசிக்காதா?"

"அது சாப்ட்டு நாலு நாளாறதும்மா."

"அது சாப்பிடறதும் சாப்பிடாததும் அதோட பாடு. போடறது என் பாடு," என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஒரு துணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கதவை யாரும் மூடவில்லை. அவளே மூடிக்கொண்டாள்.

---

லாரி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. தினம் உச்சிவேளையில் கழுகுகளுக்குக் காத்திருந்து சோறு வைக்கிற ஊர் அது. மலையைப் பார்த்துப் பாலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பின்னால் சாக்குப் படுதாவின்மேல் மற்ற மூவரும் துரையும் இருந்தார்கள். பட்டாபிராமனின் கை கைப்பிடியைவிட்டு நகரவில்லை.

"ஏசுதாஸ்," என்றார்.

"சார்?"

"ஞாயித்துக்கிழமைகள்ல இவரை ஒங்க ஆத்துக்கு அழைச்சிண்டு போவியே."

"ஆமா சார். சும்மா… ஒலாத்த."

"திரும்பி வரச்சே ஏப்பம் விடுவார்."

ஏசுதாஸ் சவுக்கு மரங்களைப் பார்த்தான். "எங்க வூட்டுக்காரி ரெபேக்கா கொஞ்சம் கறி போடுவா சார். அம்மாக்குத் தெரிஞ்சா பேஜாரு."

"தெரியும்னு நெனைக்கறேன். திங்கக்கிழமை தயிர்சாதம் மட்டும் கொஞ்சம் கொறைச்சலா இருக்கும்."

ராஜாராம் சிரித்துவிட்டான். உடனே நிறுத்திக்கொண்டான். துரை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். பம்பாய் விஷயமாக ஏதாவது முடிவு செய்தாயா என்று கேட்பதுபோல் இருந்தது. ராஜாராம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

---

பங்களா இடிந்து கிடந்தது. கூரை ஓடுகளை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். சவுக்குத் தோப்பு மட்டும் அடர்ந்து, உள்ளே கடல் சத்தத்தை வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் கலங்கரை விளக்கம் பகல் நேரத்துக்கு வேலை இல்லாமல் நின்றது.

தோப்பின் ஓரத்தில் இறக்கினார்கள். கல்லறை உள்ளே, ஒரு கூப்பிடு தூரத்தில்.

"தூக்கினு போயிடலாம் சார்," என்றான் ஏசுதாஸ்.

"வேண்டாம். அவர் என்னை அழைச்சிண்டு போவார்." பட்டாபிராமன் நிமிர்ந்து நின்றார். இடது கையில் கைப்பிடி. "ஃபார்வர்ட்."

துரை எழுந்தார். எப்படி எழுந்தார் என்பதை நான்கு பேர் பார்த்தார்கள். பார்க்காதவர் ஒருவர்தான். ஆனால் கைப்பிடி வழியாக அவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். இரண்டடி போனதும் அவருடைய மணிக்கட்டு மேலே உயர்ந்தது. நாயின் பாரத்தை வாரோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு வேர் குறுக்கே வந்தது. துரை நின்றார். பட்டாபிராமன் காலால் தடவிப் பார்த்துத் தாண்டினார். துரை அதற்குப் பிறகுதான் தாண்டினார்.

"யாரு யாரை இட்டுகினு போறாங்கன்னே தெர்லியே மச்சான்," என்றான் தனகோடி மெதுவாக.

"வாய மூடிகினு மம்பட்டிய எடு," என்றான் ஏசுதாஸ்.

கடற்கரை மணலில் குழி வெட்டுவது லேசு, குழியாக நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு மம்பட்டி எடுத்தால் பக்கத்திலிருந்து முக்கால் மம்பட்டி உள்ளே சரிந்தது. தனகோடி கெட்ட வார்த்தை ஒன்றை ஆரம்பித்து, பாலாம்பாளைப் பார்த்துப் பாதியில் விழுங்கினான். ராஜாராம் சட்டையைக் கழற்றிவிட்டு அவனும் வெட்டினான்.

கல்லறைக்குப் பக்கத்தில் துரை படுத்திருந்தார். பாலாம்பாள் இலையை விரித்து, தூக்கிலிருந்து சாதத்தை வைத்தாள். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கழியைத் தேடினாள். கழி செங்கற்பட்டில் கொல்லைச் சுவரில் சாத்தியபடி இருந்தது.

தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். உட்கார்ந்து, கையால் இலையைத் தள்ளினாள்.

துரை மோந்தார். நாக்கை நீட்டி ஓர் ஓரத்தை நக்கினார். பசியால் நக்கியதாகச் சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாக வேளை தவறாமல் போட்டவளுக்குச் செய்கிற மரியாதையாக இருக்கலாம்.

குழி ஒருவழியாக நின்றது. ஏசுதாஸ் பையை முன்பக்கம் இழுத்தான். சீசாவை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஊசியில் ஏற்றினான்.

"சார், நீங்க தலைமாட்டுல குந்திக்கங்க."

பட்டாபிராமன் நகர்ந்தார். உடனே துரை முன்னங்கால்களை ஊன்றினார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுத்துக்கச் சொல்லு சார்."

"சிட்," என்றார் பட்டாபிராமன். துரை உட்கார்ந்தார். பட்டாபிராமன் கையை மாற்றிவைத்தார். துரை மறுபடியும் எழப் பார்த்தார். வலியில் ஒரு சத்தம் வந்தது. அவரிடமிருந்து யாரும் கேட்டறியாத சத்தம்.

ஏசுதாஸ் ஊசியைத் தாழ்த்தினான். "இப்பிடி ஆவாது சார். வாரு போட்டிருக்கிற வரைக்கும் அது டூட்டில கீது. நீ அசைஞ்சா அதுவும் அசையும். ஊசி ஏறிகினு இருக்கும்போதுகூட எந்திரிக்கப் பாக்கும். கழட்டிடு சார்."

தினம் வெளியே போய்த் திரும்பியதும் கொல்லையில் அந்த வாரைக் கழற்றுகிறவர் பட்டாபிராமன்தான். இன்றைக்கு விரல்கள் கொக்கிவரை போயின. அங்கேயே நின்றுவிட்டன.

"ராஜாராம்," என்றார். "நீ கழட்டு."

ராஜாராம் குனிந்தான். இழுத்தான். கொக்கி அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். துரை முனகினார்.

"நேரா இழுத்தா வராதுடா. மேலே தூக்கிட்டு, அப்பறம் இடது பக்கம் தள்ளணும். தள்ளிக்கோ நீ."

சொன்னவள் பாலாம்பாள். மணலில் மண்டியிட்டு, பிள்ளையை விலக்கிவிட்டு, இரண்டே விரலால் கொக்கியைத் தூக்கித் தள்ளினாள். கழன்றது. வயிற்றுப் பட்டையின் கொக்கியையும் பார்க்காமலே கழற்றினாள். வார் மணலில் விழுந்தது.

ராஜாராம் வாரைக் கையில் எடுத்து, கொக்கியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் ராஜாராம்.

"ஒன்பது வருஷமா இந்தத் தோல் வெடிக்காம இருக்கே, அது எப்படின்னு ஒங்கள்ல ஒருத்தருக்காவது தோணித்தா?" அவள் குரல் சண்டைக்கு வந்ததுபோல் இருந்தது. "தினம் அவர் தூங்கறச்சே, கொட்டாயில மாட்டியிருக்கறதை எறக்கி, கொக்கி கொக்கியாக் கழட்டி, வெளக்கெண்ணெய் போட்டுத் தொடைக்கணும். இல்லேன்னா அதோட தோள்ல உரசிப் புண்ணாயிடும்."

"நான் ஏசுதாஸ்னு நெனச்சேன்," என்றார் பட்டாபிராமன்.

"நானு சார்தான்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றான் ஏசுதாஸ்.

தெருவே பொறாமைப்பட்ட அந்த இரண்டாவது குளியலுக்கான காரணம் ராஜாராமுக்கு இப்போதுதான் விளங்கியது. தோலைத் தொட்டால் குளிக்கவேண்டும். தோலைத் தொட்டுவிட்டு, தினமும் குளித்திருக்கிறாள். அவ்வளவுதான். ஆசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

பாலாம்பாள் துரையின் தலையில் கை வைத்தாள். அந்தத் தோல்வாரைப் போட்டிருந்தவரை இப்போதுதான் முதல்முறையாகத் தொடுகிறாள்.

"போறும்டா கண்ணா," என்றாள். "நடந்ததெல்லாம் போறும்."

துரைக்குத் தமிழ் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. பிறகு தாடையை மணலில் வைத்து, வார் இல்லாத தோள்களைத் தளரவிட்டார். பட்டாபிராமன் நகர்ந்தார், தலைமாட்டுக்கு வந்தார். துரை எழவில்லை.

ஏசுதாஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். ஊசியைப் போட்டான்.

---

மண்ணைத் தள்ளி மூடியபின் ஏசுதாஸும் தனகோடியும் கட்டை ஏற்றப் போனார்கள். ராஜாராம் மணலைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டிய இடத்தையே மறுபடி தட்டினான்.

பாலாம்பாள் கடலை நோக்கி நடந்தாள். அமாவாசை, பௌர்ணமி இல்லாத நாளில் கடலைத் தொடக்கூடாது என்று சாஸ்திரம் என்று அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு இரண்டும் இல்லை. புடவையோடு இறங்கி, தலை முழுகினாள். இறந்துபோனவர் பங்காளியானால் இத்தனை நாள், தாய்மாமனானால் இத்தனை நாள் என்று தீட்டுக்குக் கணக்கு உண்டு. துரைக்கு எந்தக் கணக்கு என்று பஞ்சாங்கத்தில் இல்லை. ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். 

பட்டாபிராமன் கல்லறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வார் மடியில் இருந்தது.

"இதையும் போட்டு மூடியிருக்கணும்," என்றார்.

"அப்பா, எழுந்திருங்கோ. கையைக் குடுங்கோ, லாரி வரைக்கும் அழைச்சிண்டு போறேன்."

"வேண்டாம்."

"எத்தனை நேரம் இப்படியே?"

"ஒன்பது வருஷத்துல ஒரு மனுஷன் கையைப் பிடிச்சு நடந்ததில்லேடா. இனிமே நடக்க ஆரம்பிச்சா, வாசப்படி தாண்ட ஒவ்வொருத்தருக்குக் கை ஒழியறதுக்கும் காத்திண்டிருக்கணும். அதுக்கு நான் ஆத்துலயே ஒக்காந்துடறேன்."

ராஜாராம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

பட்டாபிராமனின் மடியிலிருந்த வார் நகர்ந்தது. கைப்பிடி அவர் கையிலேயே இருக்க, மறுமுனையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். தோல் இறுகியது. அதிலிருந்து ஈரம் அவர் விரலுக்கு வந்தது. அவர் முகத்தைச் சாய்த்துக் கேட்டார். புடவையிலிருந்து மணலில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

"பாலா?"

வார் இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவர் எழுந்து நின்றார். இந்த வாரில் அவர் சொல்லாமல் துரை ஒருநாளும் நகர்ந்ததில்லை. மறுமுனையும் நகராமல் காத்திருந்தது.

"ஃபார்வர்ட்," என்றார். 

பாலாம்பாள் நடந்தாள். நேராக ஒரு சவுக்கு அடிக்கட்டையில் கொண்டுபோய் அவரை இடித்தாள்.

"ஸ்டாப்!" முழங்காலைத் தடவிக்கொண்டு, "வழியில ஏதாவது இருந்தா நிக்கணும் பாலா. துரை நிப்பார்," என்றார்.

"நான் என்ன…" என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. தோல்வார் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் சத்தமில்லாமல் அழுகிறாள் என்று அதைப் பிடித்திருந்தவருக்குத் தெரிந்தது. அவர் மேற்கொண்டு குற்றம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கட்டைகளில் இடித்துக்கொண்டு, லாரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜாராம் வந்தான்.

---

திரும்பும்போது பின்னால் கட்டை. ஏசுதாஸ் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். முன்சீட்டில் மற்ற நால்வரும் நெருக்கிக்கொண்டார்கள். பாலாம்பாள் துணியை விரிக்க மறந்துவிட்டாள்.

லாரி திருக்கழுக்குன்றத்தை நெருங்கியது. மலையைத் தாண்டியதும் பட்டாபிராமன் கனைத்தார்.

"ராஜாராம்."

"என்னப்பா?"

"நம்ம கொல்லைச் சுவர் ஒண்ணும் கோட்டைச் சுவர் இல்லே. கண்ணு போனதுலேர்ந்து காது வேற நன்னாக் கேக்கறது. துரைகிட்ட நீ பேசினதெல்லாம் கேட்டேன்." மடியிலிருந்த வாரை ஒரு தடவை உருவிவிட்டார். "பம்பாய்ல என்னிக்குச் சேரணும்?"

பாலாம்பாள் சட்டென்று திரும்பினாள். "எந்தப் பம்பாய்? யாரு சேரணும்?"

தனகோடி ரோட்டைக் கவனமாகப் பார்த்து ஓட்டினான்.

அம்மாவின் கை வாரின்மேல் இருந்தது. அப்பாவின் முழங்காலில் ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

 வீட்டுக்குப் போனதும், கொல்லையில் உட்கார்ந்து துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று ஒரு கணம் ராஜாராம் நினைத்துவிட்டான்.